மீசையை எடுத்துவிட்டுப் பார்த்த பவளப்பாறை

இந்த ஆண்டு பிப்ரவரி கடைசி வாரத்தில் ராமேஸ்வரம் போய், பவளப்பாறையைப் பார்ப்பதற்காக ஸ்கூபா டைவிங் செய்தேன். எனக்கு வயது அறுபத்தேழு. தண்ணீருக்குள் இருந்தது இருபத்தாறு நிமிடம். அதற்காக மதுரையில் ஐந்து வாரம் தயாரானேன். ராமேஸ்வரத்தில் இரண்டு நாள் என்று போட்டிருந்த திட்டம் நான்கு நாளாயிற்று. என்னைப் போலப் பயந்த சுபாவம் உள்ளவர்கள், வயதானவர்கள் யாராவது போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை உதவக்கூடும். டைவிங் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஏன் போனேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மேலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் விலங்கியல் நடத்தினேன். ஆய்வகத்தில் கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பவளத் துண்டு உண்டு. அதைக் காட்டி, இது கல் இல்லை, உயிர்களின் கூடு என்று சொல்லுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒரு மாணவி எழுந்து, "சார், நீங்க உசுரோட பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன நிறம் என்று கேட்டாள். சிவப்பு என்றேன். மோதிரத்தில் வைக்கிற பவளத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஒருமுறை சொன்னதை மாற்ற முடியாமல் ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. கண் நன்றாகத் தெரியும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இந்தப் பொங்கல் கழிந்ததும் முடிவு செய்தேன்.

முதல் வேலையாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். பிறகு எனக்கு வழக்கமாக ரத்த அழுத்த மாத்திரை எழுதித் தருகிற மருத்துவர். இருவரும் பரிசோதித்து, ஆழம் குறைந்த இடத்தில், பயிற்சியாளர் துணையோடு இறங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது என்றும் சொன்னார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை இந்தச் சான்றிதழ் இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள்.

அடுத்தது நீச்சல். மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் காலை ஆறிலிருந்து ஏழு வரை ஐந்து வாரம். இதுபோன்ற முதல் அனுபவ டைவிங்குக்கு நீச்சல் தெரிய வேண்டிய கட்டாயமில்லை என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "சார், கால மடக்காதீங்க, சைக்கிள் ஓட்டுறீங்க" என்று பயிற்சியாளர் தினமும் கரையிலிருந்து சொல்லுவார். நான்காவது வாரம் குளத்தின் அகலத்தைக் கடந்தேன். மாத்திரை, தொப்பி, துண்டு, காதுத் துடைப்பான், மருத்துவரின் தாள்கள் இரண்டு பிரதி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டிக் அடித்தேன். குளத்தில் அணிந்தது கண்ணை மட்டும் மூடுகிற சிறிய கண்ணாடி. டைவிங் மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடும் என்பது படித்துத் தெரியும். அதன் விளிம்பு மேலுதட்டில் உட்காரும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை 5.10க்குத் திருநகர் வீட்டிலிருந்து நானும் என் மனைவி வசந்தாவும் கிளம்பினோம். மாட்டுத்தாவணியில் 6.05க்குப் பேருந்து. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ 175 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தை 9.40க்குக் கடந்தோம். பாலத்தில் போகும்போது இடது பக்கம் தெரிவது வடகடல், வலது பக்கம் தென்கடல். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அன்று தென்கடல் பாயை விரித்தது போலக் கிடந்தது. வடகடலில் சின்னச் சின்ன வெள்ளை நுரை. எங்கள் டைவிங் வடகடலில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வசந்தா இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர், "தீர்த்தம் ஆடணுமா ஐயா, நேரா கோயிலுக்கு விட்ரவா?" என்றார். டைவிங் என்றேன். "பேரப்பிள்ளைக பின்னாடி வாராகளா?" என்று கேட்டார். "இவருதான் பேரப்பிள்ளை" என்றாள் வசந்தா. அதன்பிறகு அவர் விடுதி வரும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை 6.45க்குக் கடற்கரைக்குப் போனோம். என் பயிற்சியாளர் பெயர் அருள். நாற்பது வயதிருக்கும். மீனவக் குடும்பம். சின்ன வயதில் சங்கு எடுக்க மூழ்கியவர், இப்போது ஆட்களைக் கூட்டிக்கொண்டு மூழ்குகிறார். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நாற்பது நிமிடம் பயிற்சி. ரெகுலேட்டர் என்கிற மூச்சுக் கருவியை வாயில் கடித்துக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். ஆழம் போகப் போகக் காது அடைக்கும், அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதித் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இறங்கினேன்.

தலையைத் தண்ணீருக்குள் விட்ட பத்து விநாடியில் மூக்கடியில் தண்ணீர் ஊறியது. ஊதித் தள்ளினேன். மறுபடி ஊறியது. மூன்றாவது முறை பயத்தில் மூக்கால் இழுத்துவிட்டேன். உப்புத் தண்ணீர் நெற்றி வரை ஏறியது போல இருந்தது. எழுந்து நின்று இருமினேன். அருள் வேறு மாஸ்க் கொடுத்தார். அதற்கும் அதே கதை. மூன்றாவது மாஸ்க்கைப் போட்டு, என் மீசையில் வாசலினைத் தடவிவிட்டார். அப்போதும் நிற்கவில்லை. ஐந்து முறை எழுந்து இருமிய பிறகு மாஸ்க்கைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அருள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஐயா, மாஸ்க்கு மேல கொறை இல்ல. மீசை அம்புட்டு அடர்த்தியா இருக்கு. முடி வழியா தண்ணி வருது."

"என்ன செய்யலாம்?"

"சில பேரு மூக்குக்குக் கீழ ஒரு கோடு மட்டும் எடுப்பாக. ஒங்களுக்கு அது பத்தாது. மொத்தமா எடுங்கன்னு ஒங்க வயசு ஆளுகிட்ட நான் சொல்லக்கூடாது. அதுவும் இந்த ஊர்ல வச்சு."

அவர் சொன்னது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் மீசை வைத்தவர் அதை எடுத்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். தகப்பனுக்கோ தாய்க்கோ காரியம் செய்கிற மகன் எடுப்பான், மனைவிக்குக் கணவன் எடுப்பான். ராமேஸ்வரமோ அந்தக் காரியங்களுக்கே வருகிற ஊர். நான் என் வாழ்நாளில் இரண்டு முறை எடுத்திருக்கிறேன்.

அன்று வாடைக்காற்று விடாமல் அடித்ததால் எப்படியும் படகு போயிருக்காது. வடக்கிலிருந்து காற்று வந்தால் வடகடல் கலங்கிவிடும், அடியில் இருக்கிற மணல் கிளம்பி ஒரு கைத்தூரம்கூடத் தெரியாது என்று அருள் சொன்னார். காற்று அடங்கினால் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடுமாம். தோல்வியைக் காற்றின் மேல் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மதியம் விடுதிக் குளியலறையில் சின்னக் கத்தரியால் மூக்குக்குக் கீழே கோடு போட முயன்றேன். இடது பக்கம் அதிகமாகப் போய்விட்டது. சரிசெய்யப் போய் வலது பக்கமும் போயிற்று. நான் வெளியே வந்ததும் சிரிக்க ஆரம்பித்த வசந்தா, கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"எலி கடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு."

"ஊருக்குப் போயிரலாம்" என்றேன். "ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அஞ்சு வாரம் விடியக்காலைல எந்திரிச்சுப் போனது இதுக்குத்தானா?"

"முழுசா எடுக்கணும் வசந்தா. எடுத்தா ஊர்ல என்ன நெனப்பாங்க? நீதான் என்ன நெனப்ப?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாமாவுக்கு எடுத்தீங்க. அத்தைக்கு எடுத்தீங்க. அடுத்தது எனக்குத்தான்னு நெனச்சிருந்தேன்."

கையிலிருந்த கத்தரியைக் கட்டில்மேல் வைத்தேன்.

"எனக்கு எடுக்கும்போது நான் பாக்கவா போறேன்? மீசை இல்லாம ஒங்க மூஞ்சி எப்பிடி இருக்கும்னு இப்பவே பாத்துக்கிறேன். நாளைக்குப் போயி எடுத்துட்டு வாங்க" என்றாள். பிறகு, "நானும் வாரேன். நீங்க பாதில ஓடியாந்துருவீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவில் பக்கத்தில் ஒரு சலூனுக்குப் போனோம். வசந்தா வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். முடிதிருத்துபவர் துண்டைப் போர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கா ஐயா, அம்மாவுக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் எப்பவோ போயிட்டாங்க. இது வேற."

"வேண்டுதலா?"

"இல்ல. கடல்ல முங்கணும்."

அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "இந்தக் கடல்ல தெனமும் எம்புட்டுப் பேரு மீசையோட முங்குறாக" என்றார். மாஸ்க், ரெகுலேட்டர் என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே கை பழக்கத்தில் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, தலைய விட்ருங்க, மீசை மட்டுந்தான்" என்று பெஞ்சிலிருந்து வசந்தா சொன்னாள். "நல்லவேளை சொன்னீக தாயி, இன்னேரம் வழிச்சிருப்பேன்" என்றார் அவர்.

முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். முந்தைய இரண்டு முறையும் கண்ணாடி பார்க்கிற நிலையில் நான் இல்லை. மேலுதட்டில் இடது ஓரம் ஒரு மச்சம் இருந்தது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. வசந்தா எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "பரவால்ல. சகிச்சுக்கிறலாம்" என்றாள்.

எட்டு மணிக்கு மறுபடி இடுப்பளவுத் தண்ணீர். மாஸ்க் பால் பாட்டில் மூடிபோலப் பொருந்தியது. அருள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாஸ்க்கின் கண்ணாடியை மட்டும் துடைத்துக் கொடுத்தார். அரைமணி நேரம் தலையைத் தூக்காமல் மூச்சு விட்டேன். ஆனால் கடல் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது, படகு போகவில்லை. மாலையில் காற்று அடங்கியது. விடுதி மாடியில் காய்ந்த துணிகள் ஆடாமல் தொங்கியதை நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை 7.20க்குப் படகு கிளம்பியது. இருபது நிமிடப் பயணம். படகோட்டி, அருள், நான், வசந்தா. வசந்தாவுக்கு உயிர்காப்பு மேலாடை. தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோல இருந்தது, நங்கூரக் கயிறு அடிவரை தெரிந்தது. "நீவாடு இல்ல, நல்ல நேரம்" என்றார் அருள். நீவாடு என்றால் நீரோட்டம். 7.50க்குப் படகு விளிம்பில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இதயம் எவ்வளவு வேகமாக அடித்தது என்று எழுதினால் நீங்கள் யாரும் போக மாட்டீர்கள்.

ஒரு மீட்டரில் காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறந்தது. இரண்டாவது மீட்டரில் மறுபடி. வலது காது திறக்க நேரமாயிற்று. அருள் என்னைக் கொஞ்சம் மேலே தூக்கி, காத்திருந்து, மறுபடி இறக்கினார். நாலரை மீட்டரில் தரை. மேலே படகின் அடிப்பாகமும், விளிம்பில் எட்டிப் பார்க்கிற வசந்தாவின் நெளிகிற உருவமும் தெரிந்தன.

பவளம் சிவப்பாக இல்லை. இதை என் மாணவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். மோதிரத்துச் சிவப்புப் பவளம் வேறு இனம், அது இந்தக் கடலில் வளர்வதில்லை. இங்கே இருந்தது டீத்தூள் பழுப்பு, மங்கிய பச்சை, மஞ்சள் கலந்த பழுப்பு. பெரிய பெரிய உருண்டைகள், நடுவே கிளைகள். சில இடங்களில் எல்லாம் இறந்து, பாசி படிந்து, இடிந்த சுவர்போலக் கிடந்தது. அதைப் பார்த்ததும் தாமதமாக வந்துவிட்டோமோ என்று தோன்றியது. அந்தச் சுவரின் மேலேயே உள்ளங்கை அளவில் புதுக் கிளைகள் எழுந்திருந்தன. ஒவ்வொரு கிளையின் நுனியும் வெளிறி இருந்தது. அது நோயில்லை. வளரும் நுனி அப்படித்தான் இருக்கும் என்று பாடத்தில் நானே நடத்தியிருக்கிறேன்.

பிறகு அருள் ஒரு பாறைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். பகலிலும் விரிந்திருக்கிற ஒரு வகைப் பவளம். விரல் நீளத் தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூ. பூ என்று தோன்றுவது விலங்கு, இதழ் என்று தோன்றுவது அதன் உணர்கொம்புகள். நூற்றுக்கணக்கில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தன. இவ்வகை விலங்குகளுக்கு உணர்கொம்புகள் ஆறின் மடங்காக இருக்கும் என்று முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எண்ண ஆரம்பித்தேன். பதினாறில் அது அசைந்துவிட்டது. மறுபடி எண்ணினேன். இருபத்து நான்கு. நம்பிக்கையில்லாமல் பக்கத்தில் இன்னொன்றை எண்ணினேன். அதற்கும் இருபத்து நான்கு. நான் வெளிவிட்ட குமிழிகளின் அசைவு பட்டதும் அந்தத் தலை சட்டென்று உள்ளே சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கொம்பாக வெளியே வந்தது.

நான் அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அருள் பயந்துவிட்டார். தோளைத் தொட்டு, நலமா என்று விரலை வட்டமாக்கிக் கேட்டார். நானும் வட்டமாக்கினேன். அப்போதுதான் மூச்சைப் பற்றி நினைவு வந்தது. இவ்வளவு நேரமும் அது தானாக நடந்துகொண்டிருந்தது.

8.16க்கு மேலே வந்தேன். வசந்தா கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, படகோட்டிதான் தூக்கினார். "பாத்தீங்களா?" என்றாள். "இருபத்து நாலு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கரை வரும்வரை விளக்கினேன். அருளும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: "ஒரு கோடையில தண்ணி சூடாகி பவளமெல்லாம் வெளுத்துருச்சு ஐயா. அம்புட்டும் போச்சுன்னுதான் நெனச்சோம். நீங்க பாத்த சின்னக் கெளையெல்லாம் அதுக்கப்பறம் வந்தது."

சனிக்கிழமை இரவே மதுரை வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சில்லறையை இரண்டு கையாலும் கொடுத்தார். எதிர்வீட்டம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பத்து மணிக்கு, என்னோடு அதே பள்ளியில் இயற்பியல் நடத்திய சுந்தரம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப?" என்றார்.

"சனிக்கிழமை காலைல."

"யாரு சார்? சொல்லியே விடலையே."

உள்ளேயிருந்து வசந்தா சிரித்துக்கொண்டே காபியோடு வந்தாள். "யாரும் போகல அண்ணே. இவரு கடலுக்குள்ள போயிட்டு வந்தாரு."

சுந்தரம் கையை விடவில்லை. முழுவதையும் கேட்டார். பவளத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை மீட்டரில் காது அடைத்தது, இரண்டாவது முறை எங்கே அடைத்தது, குமிழி மேலே போகப் போகப் பெரிதானதா என்று மட்டும் கேட்டார். "அழுத்தம் பாடத்த எத்தன வருசம் நடத்திருப்பேன். ஒரு நாளும் ஒடம்புல வாங்கிப் பாத்ததில்ல" என்றார். போகும்போது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அவருக்கு எழுதியதையே இங்கே தருகிறேன்.

முதலில் காது மருத்துவர், அடுத்து ரத்த அழுத்த மருத்துவர், மீசையை எடுப்பது கடைசி. பிப்ரவரி கடைசியிலிருந்து வாடை அடங்கும், வடகடல் தெளியும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நம்பிப் போகாதீர்கள். இரண்டு நாளுக்குப் போனால் நான்கு நாளுக்கு மாத்திரையும் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். டைவிங்குக்கு நான் கொடுத்தது பயிற்சியும் படகும் சேர்த்து நாலாயிரம் ரூபாய், கூட வருபவருக்குப் படகுக்கு மட்டும் ஐந்நூறு. காற்றினால் தள்ளிப்போன நாட்களுக்குத் தனியாக வாங்கவில்லை. தென்கடல் பக்கத்துத் தீவுகள் பாதுகாக்கப்பட்ட பகுதி. கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதித் தாளைக் கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். காலையில் இட்லி இரண்டு போதும். பவளத்தைத் தொடாதீர்கள், அதன்மேல் காலூன்றாதீர்கள். கால் வைத்த இடம் பல வருட வளர்ச்சி. மாஸ்க்கைப் பணம் கட்டுவதற்கு முன்பே, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி.

நேற்றுக் காலை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சுந்தரம். மீசையைக் காணோம். மேலுதடு மட்டும் வெளுத்து, முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டரப் பாத்தீங்களா சார்?" என்றேன்.

"இன்னும் இல்ல."

"மொதல்ல காது டாக்டரு. அப்பறம் பிரஷர் டாக்டரு. மீசை கடைசிதான. தாள்ல வரிசையா எழுதியிருந்தேனே."

"நீங்க எழுதுனது சரிதான். எனக்குத்தான் டாக்டருக்கு முன்னாடி தைரியம் வரணும்னு பட்டுச்சு" என்றார். பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டு, "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டோக்கன் போட்ருக்கேன். நீங்களும் வாங்க, காதுக்குள்ள என்னத்தையோ விட்டுப் பாப்பாங்களாம், பயமா இருக்கு" என்றார்.

போவதாகச் சொல்லியிருக்கிறேன். சுந்தரத்துக்காக அருளிடம் போனில் பேசினேன். காற்று அடங்கித்தான் இருக்கிறதாம்.